சதம் அடிக்காத நாளும் ஆபத்துதான்! சென்னை புழுக்கத்தில் சைக்கிள் ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஏப்ரல், மே வந்துட்டா தினமும் சாயங்காலம் ஒரு செய்தி தவறாம வந்துடும். 'இன்று தமிழகத்தில் இத்தனை இடங்களில் வெயில் சதம் அடித்தது' என்ற செய்திதான் அது. வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி என 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் திரையில் ஓடும். செல்சியஸ் கணக்கில் அது 37.8 டிகிரி.

அந்தப் பட்டியலில் சென்னை இல்லைன்னா, 'பரவாயில்ல, இன்னைக்கு வெயில் கம்மிதான்' என்று நினைச்சுக்கிட்டு சைக்கிளை எடுப்பவர்கள் நிறைய பேர். ஆனா பத்து நிமிஷத்துல சட்டை மொத்தமும் நனைஞ்சு, மூச்சு வாங்கி, தலை கிறுகிறுக்கும். வெயில் கம்மின்னு சொன்ன நாளில் உடம்புக்கு ஏன் இப்படி ஆகுது?

சதம் அடிச்சதா இல்லையா என்பது வெயிலின் கணக்கு மட்டும்தான். சைக்கிள் மிதிக்கிற உடம்புக்கு அதைவிட முக்கியமான கணக்கு ஒண்ணு இருக்கு. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கு, நம்ம வியர்வை காயுதா இல்லையா என்பதுதான் அந்தக் கணக்கு. விரிவா பார்க்கலாம்.

சைக்கிள் மிதிக்கும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குது?

சைக்கிள் மிதிக்க நாம செலவழிக்கிற சக்தியில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகுது. மீதி 75 சதவீதத்துக்கும் மேல் வெப்பமா மாறி உடம்புக்குள்ளயே நிற்குது. சக்கரத்தை நகர்த்த 100 வாட் கொடுக்கிறோம்னா, கூடவே 300 வாட்டுக்கு மேல் சூட்டையும் உண்டாக்குறோம்னு அர்த்தம். வெளியில வெயிலே இல்லாட்டியும் இந்த உள்சூடு இருக்கும்.

உடம்பின் உள் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கணும். அதனால உண்டாகிற சூட்டை உடனுக்குடன் வெளியேத்தியாகணும். அதுக்கு உடம்பு நம்பியிருக்கிற முக்கியமான வழி வியர்வை.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு உண்டு. வியர்வை வர்றதால மட்டும் உடம்பு குளிராது. அந்த வியர்வை தோலிலிருந்து ஆவியாகணும். ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துட்டுப் போகும். 1 லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். சொட்டுச் சொட்டா கீழே விழுற வியர்வையால கிட்டத்தட்ட ஒரு பயனும் இல்லை. உடம்பிலிருந்து தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம்.

40 டிகிரி வேலூரா, 34 டிகிரி சென்னையா? எது கஷ்டம்?

காற்றில் ஏற்கெனவே நிறைய ஈரம் இருந்தா, வியர்வை ஆவியாக இடம் இருக்காது. ஈரத் துணியை மழைக்காலத்துல கொடியில போட்டா காயாம கிடக்குமே, அதே கதைதான்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பெயர் வெட் பல்ப் வெப்பநிலை. தெர்மாமீட்டர் முனையில் ஈரத் துணியைச் சுத்தி, காற்றுபட வெச்சா எவ்வளவு தூரம் குளிர முடியுமோ அந்த அளவு. நம்ம வியர்த்த தோலும் கிட்டத்தட்ட அந்த ஈரத் துணி மாதிரிதான்.

இப்ப ரெண்டு நாட்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உள் மாவட்டம் ஒன்றில் வெப்பநிலை 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். இதற்கு வெட் பல்ப் அளவு சுமார் 24.4 டிகிரி.

சென்னையில் வெப்பநிலை 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். இதற்கு வெட் பல்ப் அளவு சுமார் 28.5 டிகிரி.

செய்தியில் சதம் அடிச்சது முதல் ஊர். ஆனா வியர்வை காய்வதற்கு ரொம்பவும் கஷ்டமான ஊர் ரெண்டாவது. அதுக்காக 40 டிகிரி வெயில் பாதுகாப்பானதுன்னு அர்த்தம் இல்லை. அங்கே வியர்வை சட்டுன்னு காஞ்சிடுறதால எவ்வளவு தண்ணி உடம்பை விட்டுப் போகுதுன்னே தெரியாது. அனல் காற்று தோலைச் சுடும். ஆனா உடம்பின் குளிரூட்டும் வேலை அங்கே நடக்குது. புழுக்கத்தில் அந்த வேலை ரொம்பவே மந்தமாகிடுது.

வெட் பல்ப் 35 டிகிரியைத் தொட்டா மனித உடம்பால் தாங்க முடியாதுன்னு ரொம்ப நாளா சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட முடிவுகள் அந்த எல்லையைக் கீழே இறக்கிவிட்டன. ஆரோக்கியமான இளைஞர்கள், வீட்டு வேலை அளவுக்கு லேசான அசைவு மட்டுமே செய்தபோது, புழுக்கமான சூழலில் 30, 31 டிகிரி வெட் பல்ப்பிலேயே உள் வெப்பநிலை கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. சைக்கிள் மிதிப்பது அதைவிடப் பல மடங்கு உழைப்பு. அப்படின்னா அதற்கான எல்லை இன்னும் கீழேதான் இருக்கும்.

சைக்கிள் பந்தய வீரர்களுக்கே வரம்பு இருக்கு

சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ, அதிக வெப்பத்துக்கான தனி விதிமுறையை 2024-ல் கொண்டு வந்தது. வெட் பல்ப், நேரடி வெயில், காற்றின் வெப்பம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி என்ற அளவை இதுக்குப் பயன்படுத்துறாங்க. அந்த அளவு 28-ஐத் தாண்டினா சிவப்பு மண்டலம். பந்தய நேரத்தை மாத்துவது முதல் ரத்து செய்வது வரை யோசிக்க வேண்டிய நிலை.

34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னை மதியத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டா, நிழலிலேயே 30 வருது. வெயிலில் இன்னும் அதிகம். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்து, டாக்டரும் ஐஸும் பின்னாடியே வர்ற வீரர்களுக்கு 'யோசிச்சு ஓட்டு' என்று சொல்லும் அளவு அது. நம்ம ஊரில் டீ கேனைக் கட்டிக்கிட்டு தெருத்தெருவா போறவர், வாட்ச்மேன் வேலைக்குப் போறவர், கட்டட வேலைக்குப் போறவர் எல்லாம் அதே அளவில்தான் தினமும் மிதிக்கிறாங்க. அவங்களுக்கு பந்தயத்தைத் தள்ளிவைக்க ஆள் இல்லை.

அப்போ காலையில ஓட்டினா பிரச்சினை இல்லையா?

'விடியற்காலையில ஓட்டுங்க' என்பது எல்லாரும் சொல்ற அறிவுரை. சரியான அறிவுரைதான். ஆனா பாதி விஷயம்தான் அதில் இருக்கு.

சென்னையில் காலை நேரத்தில்தான் ஈரப்பதம் அதிகமா இருக்கும். மே மாதக் காலை 6 மணிக்கு 29 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம்னு வெச்சுக்கோங்க. வெட் பல்ப் சுமார் 26.9 டிகிரி. டபிள்யூபிஜிடி கணக்கில் 27.5-ஐ ஒட்டி வரும். யுசிஐயின் சிவப்பு எல்லைக்கு அரை டிகிரிதான் குறைவு.

இருந்தாலும் நாள் முழுக்கப் பார்த்தா காலைதான் நல்ல நேரம். நேரடி வெயில் இல்லை, ராத்திரி முழுக்க ரோடு ஆறியிருக்கு, உடம்பும் ஓய்வெடுத்திருக்கு. ஆனா 'குளுகுளுன்னு இருக்கு' என்று நினைச்சு வேகமா மிதிக்கக் கூடாது. காலை நேரம் நமக்குத் தர்றது நிதானமா ஓட்ட ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். 5.30 மணிக்குக் கிளம்பி 7 மணிக்குள் திரும்பிடுறது நல்லது. 8 மணிக்கு மேல் வெயிலும் சேர்ந்துக்கும்.

கடற்காற்று வந்தா நிம்மதியா?

சென்னை கோடையில் பெரிய கேள்வியே 'இன்னைக்கு கடற்காற்று எப்ப வரும்?' என்பதுதான். நிலத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று பலமா இருந்தா, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அந்த நாட்களில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதுதான் சென்னையின் உச்சபட்ச வெப்பம்.

கடற்காற்று நுழைஞ்சதும் சில டிகிரி வெப்பம் சட்டுன்னு இறங்கும். ஆனா அதே காற்று கடலின் ஈரத்தையும் தூக்கிட்டு வருது. அதனால வெப்பம் குறைஞ்சும் புழுக்கம் ஏறலாம். கடற்கரை ஓரமா ஓட்டினா காற்று நேரா உடம்பில் படும், வியர்வை காய உதவும். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் உள் தெருக்களில் காற்று நுழையாது, ஈரம் மட்டும் நிற்கும்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. எதிர்க்காற்றில் ஓட்டினா கால் வலிக்கும், ஆனா உடம்பு குளிரும். பின்னாலிருந்து காற்று தள்ளினா மிதிக்க சுகமா இருக்கும், ஆனா உடம்பில் காற்றே படாது. நீங்க மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போறப்ப பின்காற்றும் அதே வேகத்தில் வந்தா, உங்களைப் பொறுத்தவரை காற்று பூஜ்ஜியம். மாலையில் கடற்கரையிலிருந்து மேற்கே வீடு திரும்புறவங்களுக்கு 'வரும்போது நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இவ்வளவு வேர்க்குது?' என்று தோணும். காரணம் இதுதான்.

சிக்னலில் நிற்கும்போதுதான் ஆபத்து ஏறுது

ஓடிக்கிட்டு இருக்கிற வரை சைக்கிளே ஒரு ஃபேன் மாதிரி. நின்ன உடனே அந்த ஃபேன் ஆஃப். உள்சூடு குறைய நேரம் எடுக்கும், ரோட்டின் அனலும் பக்கத்து வண்டிகளின் இன்ஜின் சூடும் சேரும். அதனாலதான் சிக்னலில் நின்ன அடுத்த நிமிஷம் வியர்வை கொட்டும்.

2024 கோடையில் சென்னையில் சில சிக்னல்களில் பச்சை நிற நிழல் வலைப் பந்தல்கள் போடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி இடம் இல்லைன்னா, கோட்டுக்கு முன்னாடி போய் வெயிலில் நிற்பதைவிட, பத்தடி பின்னாடி மர நிழலில் நிற்பது மேல். நீண்ட தூரம் மிதிச்சதும் சட்டுன்னு நிறுத்தாம, கடைசி 5 நிமிஷத்தை மெதுவா ஓட்டி முடிங்க.

இந்தப் புழுக்கத்தில் எப்படி ஓட்டணும்?

வேகத்தைக் குறைங்க: புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் அதிகமா துடிக்கணும். பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா? அப்ப சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா வேகம் அதிகம்.

உடம்பைப் பழக்குங்க: வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். அதுக்குள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும். முதல் நாள் 20 நிமிஷத்தில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ரெண்டு, மூணு வாரம் லீவு போட்டு வந்தாலோ, காய்ச்சல் வந்து தேறியிருந்தாலோ மறுபடி முதலிலிருந்து தொடங்கணும்.

தண்ணீர்: கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ரெண்டு டம்ளர். ஓட்டும்போது 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 150 முதல் 200 மில்லி. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்க வேண்டாம்.

உப்பை மறக்காதீங்க: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினா வெறும் தண்ணி மட்டும் போதாது. உப்பு போன பிறகு வெறும் தண்ணியையே லிட்டர் கணக்கில் குடிச்சா, ரத்தத்தில் சோடியம் குறைஞ்சு தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்பு போட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லைன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணியில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு தட்டையா அளந்து போட்டுக் கலக்கலாம். பிபி, சுகர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க டாக்டரிடம் கேட்டுட்டுத்தான் உப்பு, சர்க்கரை சேர்க்கணும்.

துணி: லேசான, தளர்வான, வெளிர் நிறத் துணி. கெட்டியான காட்டன் டி-சர்ட் வியர்வையை உறிஞ்சி ஒட்டிக்கும். கூடவே ஒரு மாற்றுச் சட்டை வெச்சுக்கலாம். ஹெல்மெட்டில் காற்றுத் துளைகள் இருக்கணும். வெயிலுக்காக ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாம்.

சைக்கிளையும் பாருங்க: காற்று குறைஞ்ச டயர், எண்ணெய் காணாத செயின், தாழ்வா இருக்கிற சீட் மூணுமே மிதிக்கிற உழைப்பைக் கூட்டும். உழைப்பு கூடினா உள்சூடும் கூடும். டயரில் சரியா காற்று அடிக்கிறது செலவே இல்லாத ஏசி மாதிரி.

எந்த அறிகுறி வந்தா நிறுத்தணும்?

கால், வயிறு பிடிச்சு இழுக்குறது, தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெயிலிலும் உடம்பு சிலிர்க்கிற மாதிரி இருப்பது எல்லாம் எச்சரிக்கை மணி. உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்க. 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்' என்பதுதான் ரொம்ப ஆபத்தான முடிவு.

பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசுறார், தள்ளாடுறார், மயங்கி விழுறார்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் நிலை. உயிர் போகும் அவசரம்.

இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலா இருக்கு. 'வியர்வை நின்னு தோல் காஞ்சாதான் ஹீட் ஸ்ட்ரோக்' என்பாங்க. உழைப்பால வர்ற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டிக்கிட்டே இருக்கலாம். வியர்வையைப் பார்க்காதீங்க, பேச்சைப் பாருங்க. பேர் என்ன, எங்க போறீங்கன்னு கேளுங்க.

அப்படி ஒருவரைப் பார்த்தா:

108-க்கு போன் பண்ணுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரை காத்திருக்காம குளிர்விக்கத் தொடங்குங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க. பக்கத்துக் கடையில் ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைங்க. விசிறுங்க. சுயநினைவு சரியா இல்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும். முதல் சில நிமிடங்களில் எவ்வளவு வேகமா சூட்டை இறக்குறோம் என்பதுதான் உயிரையும் மூளையையும் காப்பாத்தும்.

எச்சரிக்கை எந்த அளவை வைத்து வருது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல குறைந்தது 40 டிகிரி இருக்கணும். கடலோரப் பகுதியில் குறைந்தது 37 டிகிரி இருக்கணும். ரெண்டு இடத்திலும் அது இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமா இருக்கணும். இந்த வரையறையில் ஈரப்பதம் இல்லை. அதனால நாம மேலே பார்த்த 34 டிகிரி புழுக்க நாள், வெப்ப அலை நாள் ஆகாது.

ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் வெப்பக் குறியீட்டை வானிலை மையம் 2023-ல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. அதிக வெப்பம், அதிக ஈரப்பதத்தால் அசௌகரியம் ஏற்படலாம் என்ற வரியும் சென்னை மையத்தின் அறிக்கையில் அடிக்கடி வரும். சதம் பட்டியலுக்குக் கிடைக்கிற கவனம் இந்த ஒரு வரிக்குக் கிடைப்பதில்லை. சைக்கிள் ஓட்டுறவங்க தேட வேண்டியது இந்த வரியைத்தான்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. 2025-ல் டெலிவரி ஊழியர்களுக்காக அண்ணா நகரில் ஏசி ஓய்வறையை சென்னை மாநகராட்சி திறந்தது. நல்ல தொடக்கங்கள். ஆனா எச்சரிக்கை வெப்பநிலையை மட்டும் பார்த்து வரும் வரை, புழுக்க நாளில் மயங்கி விழுறவர் கணக்குக்கு வெளியேதான் நிற்பார்.

பள்ளி மாணவர்களையும் இதில் மறந்துடக் கூடாது. பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுக்குது. வெயில் காரணமா 2023-ல் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பள்ளித் திறப்பு ஜூன் 12 வரையும், 2024-ல் பள்ளித் திறப்பு ஜூன் 10 வரையும் தள்ளிப்போனது. திறந்த பிறகும் புழுக்கம் உடனே போயிடுறதில்லை. பாட்டிலில் தண்ணி இருக்கா, டயரில் காற்று இருக்கா என்று காலையில் பார்த்து அனுப்புவது பெற்றோர் செய்யக்கூடிய சின்ன வேலை.

கிளம்பும் முன் 1 நிமிட செக்

செல்போனில் இருக்கும் வானிலை ஆப்பில் வெப்பநிலைக்குக் கீழே ஈரப்பதம் எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். 32 டிகிரிக்கு மேல் வெப்பமும் 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் சேர்ந்து இருந்தா, வழக்கமான தூரத்தில் பாதி போதும். போயே ஆகணும் என்ற வேலைன்னா, 20 நிமிஷத்துக்கு ஒரு நிழல், ஒரு மடக்குத் தண்ணி என்று வழியைப் பிரிச்சுக்கோங்க. தனியா நீண்ட தூரம் போறீங்கன்னா எந்த வழியா போறீங்க, எப்ப வருவீங்கன்னு வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

உங்க தெருவில் மதிய நேரத்தில் சைக்கிளில் வர்ற டீக்காரர், காய்காரர், கூரியர்காரர் யாரையாவது பார்த்தா, ஒரு டம்ளர் மோர் கொடுத்து ரெண்டு நிமிஷம் நிழலில் நிற்கச் சொல்லுங்க. அவங்க அன்னைக்கு லீவு போட முடியாது. அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் நம்மால கொடுக்க முடியும்.